வாரண்டி மாதங்களும் பேட்டரியின் ஆயுளும்

‘கூடுதல் மாத வாரண்டி, கூடுதல் ஆயுள்’ என்னும் வாசகத்தைத் திருவனந்தபுரத்தில் கரமனையிலிருந்து கேசவதாசபுரம் வரையில் கார் பேட்டரி விற்கும் கடைகளின் நெற்றியில் ஏதேனுமொரு வடிவத்தில் ஆண்டுக்கணக்காகப் படித்துச் சலித்தவர்களுள் நானும் ஒருவன். கடைப்பலகை அவ்வாறு சொல்வதில் குற்றமில்லை; விற்பவன் தன் சரக்கைப் புகழாமல் அடுத்த கடைச் சரக்கையா புகழ்வான்? ஆனால் அந்த வாசகம் பலகையை விட்டிறங்கி, குடியிருப்போர் சங்கக் கூட்டங்களிலும் கல்யாணப் பந்திகளிலும் ஒரு சித்தாந்தத்தின் கம்பீரத்தோடு உலவுவதையும், பென்ஷனில் ஒரு ரூபாய் குறைந்தால் டிரஷரிக்கு நாள் தவறாமல் நடக்கக்கூடிய படித்த மனிதர்கள் அதனை யாதொரு விசாரணையுமின்றி அங்கீகரிப்பதையும் காணும்போது வாய்மூடியிருப்பது கஷ்டமாகிறது. அண்மையில் அத்தகைய கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், பழைய பேட்டரி போய்ப் புதிது வாங்குகிறவர் வாரண்டி மாதங்களை மட்டும் ஒப்பிட்டால் போதும், மற்றவையெல்லாம் மெக்கானிக்குகள் நம்மைக் குழப்புவதற்காகக் கட்டிய கதைகள் என்று நெடுநேரம் பிரசங்கம் செய்தார். கைதட்டலும் கிடைத்தது. அவர் காட்டிய பிரமாணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதற்பிரமாணம், தன் சரக்கில் நம்பிக்கையில்லாத கம்பெனி நீண்ட வாரண்டி கொடுக்குமா என்பது. தாராளமாகக் கொடுக்கும். கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட எக்ஸைடு ஆகட்டும், திருப்பதியிலிருந்து வரும் அமரான் ஆகட்டும், தங்கள் பேட்டரிகளைக் குறைந்த மாதம், நடுத்தர மாதம், நீண்ட மாதம் என்று பல படிகளாக வகுத்து, படிக்குப் படி விலையை உயர்த்தி விற்பது யாவரும் அறிந்த விஷயம். மாதம் ஏறும்போது விலையும் ஏறுகிறதென்றால், வாங்குகிறவன் பேட்டரியோடு ஓர் இன்ஷ்யூரன்ஸையும் சேர்த்து வாங்குகிறான் என்பதுதானே பொருள்? நூறு பேட்டரிகள் விற்றால் எத்தனை திரும்பி வரும் என்று மதிப்பிட்டு, அந்த நஷ்டத்தை நூறு பேர் தலையிலும் முன்கூட்டியே பங்கிட்டு வைப்பதற்கு நம்பிக்கை தேவையில்லை. கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளை ஒருவர் இருந்தால் போதும்.

இரண்டாம் பிரமாணம், நீண்ட வாரண்டி பார்த்து வாங்கிய அவருடைய மைத்துனர் காரில் ஒரே பேட்டரி ஏழாண்டு ஓடியது என்பது. மைத்துனருக்கு நம் வாழ்த்துக்கள்.

மூன்றாவதே இச்சித்தாந்தத்தின் மூலஸ்தானம். 60 மாத வாரண்டியுள்ள பேட்டரியை வாங்கினால் ஐந்தாண்டுக் காலம் அந்த வகையில் ஒரு காசும் செலவில்லை என்று அதிகாரி சொன்னபோது, சபையில் பலர் மனத்துக்குள் சேமிப்பைக் கணக்கிடத் தொடங்கியது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. அவர்களுள் ஒருவராவது, பெட்டியோடு கொடுக்கப்படும் வாரண்டி அட்டையைத் திருப்பிப் படித்திருப்பாரா என்பது சந்தேகம். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் கம்பீரமாக நிற்கும் அந்த 60, பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் இரண்டு கூறாகப் பிளந்து கிடக்கிறது: முற்கூறு, பேட்டரி கெட்டால் இலவசமாக மாற்றிக் கொடுக்கும் காலம், பிற்கூறு, புரோ-ராட்டா என்று கடைக்காரர்கள் சொல்லும் விகிதாசாரக் காலம். மாடலுக்குத் தக்கபடி இப்பிளவு மாறும். முற்கூற்றில் உற்பத்திக் குறையால் பேட்டரி செத்தால் வேறொன்று தருவார்கள். பிற்கூற்றில் செத்தால் தரமாட்டார்கள். புதிதாக ஒன்றை நீங்கள் விலைக்கு வாங்க, அந்த விலையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்வார்கள். அந்தத் தள்ளுபடியும், மாதங்கள் செல்லச் செல்லத் தேய்பிறையாய்க் குறைந்துகொண்டே போகும்.

குறைந்தாலும் தள்ளுபடி தள்ளுபடிதானே என்று திருப்தியடைகிறவர்கள், எந்த விலையிலிருந்து தள்ளுபடி என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கவேண்டும். கடையில் நீங்களும் நானும் பேரம்பேசிக் கொடுக்கும் விலையிலிருந்தன்று. பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி. என்னும் உச்சவிலையிலிருந்து, அதுவும் நீங்கள் அன்று வாங்கியபோது இருந்த உச்சவிலையிலிருந்தன்று, மாற்ற வரும் நாளில் நடைமுறையிலிருக்கும் உச்சவிலையிலிருந்து. கணக்குக்காக, ஒரு பேட்டரியின் உச்சவிலை 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரண்டியே இல்லாத ஒரு மனிதர் கடைக்குப் போய்ச் சிறிது வாதாடினால் 4,900 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அவர் கொண்டுவந்த செத்த பேட்டரியிலுள்ள ஈயத்துக்காக 700 ரூபாய் கழிக்கிறார்கள். ஆக, 4,200 ரூபாய்ச் செலவோடு வீடு திரும்புகிறார். வாரண்டி என்னும் கவசம் பூண்ட நம் நண்பர், நாற்பத்தைந்தாம் மாதத்தில், பத்திரமாகப் பீரோவில் வைத்துக் காத்த அட்டையோடு வருகிறார். அவருக்கு 25 சதவிகிதம் தள்ளுபடி கிடைக்கிறதென்றால், 6,000-த்தில் 1,500 போக, 4,500 ரூபாய் கொடுக்கிறார். பழைய பேட்டரி கம்பெனியின் சொத்தாகிவிடுவதால் ஈயத்துக்கு ஒன்றும் கிடையாது. கவசம் இல்லாதவனைவிடக் கவசம் பூண்டவர் 300 ரூபாய் அதிகம் கொடுத்திருக்கிறார். செத்த பேட்டரியைக் கம்பெனி சோதித்து முடிவு சொல்லும்வரை காரை வீட்டில் நிறுத்திவிட்டு ஆட்டோவில் போய்வந்த செலவு இதில் சேரவில்லை. ஆடி மாதத்தில் புடவையின் விலைச்சீட்டை உயர்த்தி ஒட்டி, பிறகு சிவப்பு மையால் அடித்துக் காட்டும் ஜவுளிக்கடைக்காரர்கூட, அந்தத் தள்ளுபடியை ஆயுள் என்று சொல்லி விற்பதில்லை.

இன்னுமொரு விசேஷம் உண்டு. இலவசக் காலத்திலேயே, இருபதாம் மாதத்திலேயே, பேட்டரி செத்து, தர்க்கம் யாதுமின்றிப் புதியது கிடைத்துவிட்டதென்று கொள்வோம். அந்தப் புதிய பேட்டரிக்கு வாரண்டி மறுபடியும் ஒன்றாம் மாதத்திலிருந்து தொடங்குமென்று எண்ணுவது நம்மவர்களின் பேராசை. முதற்பேட்டரியின் கணக்கில் மிச்சமிருக்கும் மாதங்களே அதற்கும் உரியவை. பிறக்கும்போதே இருபது மாத வயதோடு பிறக்கும் குழந்தை அது. ஆகையால் ஒன்றில் 30 மாதம் இலவசமும் 25 மாதம் விகிதாசாரமும், மற்றொன்றில் 24 மாதம் இலவசமும் 36 மாதம் விகிதாசாரமும் இருக்குமாயின், பலகையில் பின்னது பெரிது, சட்டைப்பைக்கு முன்னதே பெரிது. இவ்வளவு எளிய கூட்டல் கழித்தலைச் செய்யாமல், 60 என்பது 55-ஐவிடப் பெரிய எண் என்ற மட்டில் ஆராய்ச்சியை முடித்துக்கொள்வதைத்தான் நம் அதிகாரி ஒப்பிடுதல் என்கிறார்.

நான்காம் பிரமாணம், மாதக் கணக்கு பேட்டரியின் உள்ளுறுதியைக் காட்டுகிறது என்பது. இதனை மறுக்க நான் சிரமப்பட வேண்டியதில்லை, கம்பெனிகளே மறுத்துவிட்டன. சொந்தக் காரில் வைத்தால் ஒரு கணக்கும், அதே பேட்டரியை டாக்ஸியில் வைத்தால் அதைவிடக் குறைந்த கணக்கும் வாரண்டி அட்டையில் எழுதியிருக்கிறதே, தம்பானூர் நிலையத்தில் நிற்கும் டாக்ஸிக்குள் ஏறியவுடன் ஈயத் தகடு மெலிந்துபோய்விடுமா? ஆயுளைத் தீர்மானிப்பது பெட்டி மாத்திரமன்று, அது படும் பாடும் கூட என்பதை அச்சிட்டவர்களே ஒப்புக்கொண்டபின், வாங்குகிறவர்கள் ஏன் அதிகப் பக்தி காட்டவேண்டும்?

அந்தப் பாடு இவ்வூரில் எத்தகையது என்பதையும் சொல்லவேண்டும். ஈயத்தையும் கந்தகத் திராவகத்தையும் கொண்டு மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் யுக்தியை 1859-ஆம் ஆண்டில் பிளாண்டே என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி கண்டார். அன்றுமுதல் இன்றுவரை அதற்கு இரண்டு பெரிய சத்துருக்கள்: ஒன்று உஷ்ணம், மற்றொன்று அரைகுறைச் சார்ஜ். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது அத்தொழிலில் உள்ளவர்கள் வழிவழியாகக் கைக்கொண்டுவரும் ஸ்தூலமான விதி. நிழலில்லாத இடத்தில் பங்குனி வெயிலில் நிறுத்திய காரில், சூடு தணியாத இன்ஜினுக்குப் பக்கத்திலேயே அது குடியிருக்கிறது. சார்ஜின் கதையோ இன்னும் பரிதாபம். வழுதக்காட்டிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்கும், அங்கிருந்து கோட்டைக்குமாகக் குறுகிய தூரம் ஓடி ஓடி நிற்கும் கார், எடவப்பாதி மழையில் வைப்பரும் விளக்கும் ஏசியும் ஒருங்கே ஓட, பட்டம் சந்திப்பில் ஊர்ந்து கிடக்கும்போது, இறக்கிய சார்ஜை ஆல்டர்னேட்டர் ஏற்றி முடிப்பதற்குள் இன்ஜின் நிறுத்தப்பட்டுவிடுகிறது. அப்படி அரைவயிற்றோடு கிடக்கும் தகட்டில் ஈய சல்பேட் படிந்து, நாளடைவில் கரையாத படிகமாக இறுகிப்போகிறது.

வளைகுடாவில் வேலைபார்க்கிறவர்களின் வீட்டுக் கார்களை நினைத்துப் பாருங்கள். விடுமுறைக்கு வந்தபோது ஓட்டிவிட்டு, உறையைப் போர்த்திப் போர்ட்டிகோவில் நிறுத்திவிட்டுப் போகிறார்கள். நின்றுகொண்டிருக்கும் காரும் மின்சாரம் தின்னும். கடிகாரமும் அலாரமும் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் இழுத்தால், 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஏழு வாரத்துக்குள் முற்றிலும் வடிந்துவிடும். செல்ஃப் எடுக்காத நிலை அதற்கு வெகு முன்பே வந்துவிடும். 2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் தேதி தொடங்கிய ஊரடங்கு, வெளிநாடு போகாதவர்களுக்கும் இப்பாடத்தைக் கற்பித்தது. அப்போது பேட்டரி, தன் அட்டையில் எத்தனை மாதம் எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சாகவில்லை. அட்டையைக் கொண்டு போனவர்களுக்கும், இது வெறும் டிஸ்சார்ஜ், உற்பத்திக் குறையன்று, சார்ஜ் ஏற்றித் தருகிறோம் என்னும் பதிலே விதிப்படி உரியது. அவ்விதியைக் குறைகூறவில்லை, ஆனால் நம் பேட்டரிகள் பெரும்பாலும் எந்த நோயால் சாகின்றனவோ அந்த நோயை விலக்கிவைத்த ஒரு வாக்குறுதியை ஆயுளின் அளவுகோலாகக் கொள்ளச் சொல்வதைத்தான் சகிக்க முடியவில்லை.

ஐந்தாவது, இன்ஜினைக் கிளப்பும் வலிமையைக் குறிக்கும் கிராங்கிங் ஆம்பியர் எண் பெரிதாக உள்ளதே உறுதியானது என்பது. அந்த எண்ணைப் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரிக் குளிரில் வைத்து அளக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் அத்தகைய குளிர் வரும் நாளில் பேட்டரியைவிட அவசரமான கவலைகள் நமக்கு இருக்கும்.

ஆறாவது, சட்டம் துணையிருக்கிறது என்பது. இருக்கிறது, தக்க பரிசோதனையின்றி ஒரு பொருளின் ஆயுட்காலத்துக்கு உத்தரவாதம் கொடுப்பதை நியாயமற்ற வணிகமுறை என்றே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது, ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணமும் இல்லை. ஆயினும் ஒரு பேட்டரிக்காக வழுதக்காட்டு நுகர்வோர் ஆணையத்தின் படியேறி வாய்தாவுக்கு வாய்தா காத்திருக்க அவகாசமுள்ளவர், நம் அதிகாரியைப்போல ஓய்வுபெற்றவராகத்தான் இருக்கவேண்டும்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்பவர்களுக்கு நீண்ட உபதேசம் தேவையில்லை. அட்டையின் மொத்த மாதத்தை விட்டுவிட்டு இலவச மாதத்தை மட்டும் கேளுங்கள். அலமாரியில் மாதக்கணக்காகத் தூங்கிய பெட்டியைத் தலையில் கட்டாதபடி, உற்பத்தி மாத முத்திரையைப் பாருங்கள். பழையதைக் கழற்றுமுன் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டை ஒட்டிச் சார்ஜ் கொடுக்கிறதா என்று மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள், ஏனெனில் குற்றவாளி அதுவாயின் புதியதும் பழையதன் வழியே போகும். வாங்கிய தேதியும் பேட்டரியின் எண்ணும் பில்லில் ஏறியிருக்கட்டும். இவற்றைக் கேட்டதும் முகம் சுளிக்கிற கடைக்காரரிடம் வாதாடி நேரத்தைப் போக்க வேண்டாம். இந்நகரில் பேட்டரிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. கேள்வி கேட்டு வாங்குகிறவர்களுக்குத்தான் பஞ்சம்.