துப்பாக்கியை அளக்கிறோம்; பறவையை எண்ணுகிறோமா?

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு மரக்காணத்தில் இருந்தேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, உப்பளங்களில் பாத்தி சீராக்கும் வேலை தொடங்கியிருந்த நேரம். வரப்பில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, கழுவெளிப் பக்கமிருந்து ஒரு வெடிச் சத்தம் கேட்டது. அடுத்த கணம் நூற்றுக்கணக்கான பறவைகள் ஒருசேர எழும்பி, வானில் வட்டமடித்து, வெகுதூரம் தள்ளிப்போய் இறங்கின. 'என்ன அது?' என்றேன். மண்வெட்டியைக் கீழே வைக்காமலேயே அந்த உப்பளத் தொழிலாளி சொன்னார்: 'கேட்டா பன்னி வெரட்டுறோம்னு சொல்லுவாங்க சார். இந்த உப்புத் தண்ணியில ஏது பன்னி?'

பல ஆண்டுகள் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். ஒழுங்குமுறைச் சட்டங்களைப் பற்றி வகுப்பில் மணிக்கணக்கில் நான் விளக்கியதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். சட்டம் ஏற்கும் காரணம் ஒன்று. களத்தில் நடக்கும் காரியம் மற்றொன்று.

விழுப்புரம் மாவட்டத்தின் வானூர், மரக்காணம் வட்டங்களில் பரவிக் கிடக்கும் கழுவெளி, தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரிகளுள் ஒன்று. மழைநீரும் கடல்நீரும் கலக்கும் இந்தச் சதுப்பு நிலத்துக்கு, மத்திய ஆசிய வலசைப் பாதை வழியாக ஆண்டுதோறும் வாத்துகளும் உள்ளான்களும் மூக்கன்களும் வருகின்றன. 2021 டிசம்பரில் தமிழக அரசு இதில் சுமார் 5,150 ஹெக்டேர் பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் கழுவெளி இடம்பெற்றது. பெருமைக்குரிய இரு அறிவிப்புகள். ஆயினும் அந்த வெடிச் சத்தம் அவற்றுக்குப் பிறகும் கேட்கிறது.

ஊர் திரும்பிய வாரத்தில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பொறியாளராக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் பேசினார். மரக்காணத்தில் கண்டதைச் சொன்னேன். அவரோ தம் பக்கத்து வீட்டுக்காரர் மான் வேட்டைக்கு வாங்கியிருக்கும் புதுவகைத் தோட்டாவைப் பற்றிச் சொன்னார். முதலில் சம்பந்தமில்லாத பேச்சாகத் தோன்றியது. விவரம் கேட்கக் கேட்க, கழுவெளிக்கான பாடம் அதில் இருப்பது புரிந்தது.

மிச்சிகனின் தென்பகுதி, ஒஹையோ, அயோவா போன்றவை சமவெளி விளைநிலங்கள், குடியிருப்புகளும் நெருக்கம். ரைஃபிள் குண்டு மானைத் தவறவிட்டால் வெகுதூரம் பறந்து யார் வீட்டையாவது துளைக்கலாம். எனவே மான் வேட்டைக்குக் குறைந்த தூரமே பாயும் ஷாட்கன் போன்றவற்றை மட்டுமே அங்கு நெடுங்காலம் அனுமதித்தனர். பிறகு 2014-இல் மிச்சிகனும் ஒஹையோவும், 2017-இல் அயோவாவும் ஒரு கதவைத் திறந்தன. 'நேர்ச்சுவர்த் தோட்டா' பயன்படுத்தும் ரைஃபிள்களுக்கு அனுமதி கிடைத்தது. வழக்கமான ரைஃபிள் தோட்டாவின் பித்தளை உறை, புட்டியைப்போல் கழுத்தில் ஒடுங்கியிருக்கும். மருந்து அதிகம், குண்டு மெலிது. ஆகவே வேகமும் தூரமும் அதிகம். நேர்ச்சுவர்த் தோட்டாவின் உறை அடி முதல் நுனி வரை ஏறக்குறைய ஒரே அகலம். அதன் கனமான குண்டு மெதுவாகச் சென்று விரைவில் தரையிறங்கும்.

மிச்சிகன் விதி உறையின் நீளத்தையும் வரையறுத்தது: 1.16 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, 1.80 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. சட்டம் கோடு போட்டதும் சந்தை அந்தக் கோட்டின் மீதே வந்து நின்றது. 2019-இல் வின்செஸ்டர் நிறுவனம் '.350 லெஜண்ட்' என்ற தோட்டாவை அறிமுகப்படுத்தியது. 2023-இல் ரெமிங்டன் '.360 பக்ஹாம்மர்' தோட்டாவைக் கொண்டுவந்தது. பின்னதன் உறை நீளம் மிகச் சரியாக 1.80 அங்குலம்! விலங்கின் தேவையோ வேட்டைக்காரரின் தேவையோ அந்த நீளத்தை முடிவு செய்யவில்லை. விதிப்புத்தகம் முடிவு செய்தது. பெரிய நிறுவனங்களுக்கு முன்பே, வீட்டுப் பட்டறையில் தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்ளும் பொழுதுபோக்காளர்கள் பித்தளை உறைகளைச் சட்ட அளவுக்கு வெட்டிச் சுருக்கியிருந்தார்கள்.

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய சாமர்த்தியமன்று. நம் மண்ணிலேயே இதற்கு மூத்த கதை உண்டு. ராணுவத்தின் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள் கலகக்காரர்களின் கைகளில் இருந்தன. அவற்றுக்குத் தோட்டா கிடைக்கக்கூடாது என்று அஞ்சிய பிரிட்டிஷ் அரசு, 1907-இல் இந்தியாவில்.450 அளவுத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் தடை விதித்தது. யானை, புலி வேட்டைக்கு வந்த துரைமார்கள் வேட்டையைக் கைவிட்டார்களா? இல்லை. லண்டன் துப்பாக்கித் தயாரிப்பாளர்களின் .465, .470, .475 அளவுகள் அந்த இடத்தை நிரப்பின. தடையின் விளைவாகத் துப்பாக்கிக் குழல்கள் சற்று அகன்றன, அவ்வளவே. சுதந்திர இந்தியாவிலும் ராணுவத்தின் .303 குடிமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட அளவு என்பதால், அரசுத் தொழிற்சாலை குடிமக்களுக்கு .315 ரைஃபிளைத் தயாரித்தது.

இங்கிலாந்தில் 1696-இல் ஜன்னல்களுக்கு வரி விதித்தபோது மக்கள் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துக்கொண்ட கதையை என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. எதை அளக்கிறோமோ அதைத்தான் மனிதர்கள் மாற்றிக்கொள்வார்கள்; நாம் மாற்ற விரும்பியது அப்படியே இருக்கும்.

இப்போது கழுவெளிக்கு வருவோம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, பயிர்ப் பாதுகாப்பு என்ற உண்மையான தேவைக்காக, குழலின் வாய் வழியாக மருந்து திணிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் பெற வழி செய்கிறது. நாட்டுத் துப்பாக்கி என்று நாம் சொல்வது இந்த வகைதான். கையால் மருந்து நிரப்புவது மிச்சிகனில் பொழுதுபோக்கு. இங்கே அது ஒன்றே வழி. கரிமருந்தைப் போட்டு, நாரைத் திணித்து, பால்ரஸ் குண்டுகளை இட்டுக் கம்பியால் இடிக்க வேண்டும். மறுபுறம், 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உரிமம் பெற்று வேட்டையாடும் முறையையே 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. ஆக, ஒரு சட்டம் பன்றியை விரட்டத் துப்பாக்கி தருகிறது. இன்னொரு சட்டம் பறவையைச் சுடாதே என்கிறது. துப்பாக்கிக்கு இந்த வேறுபாடு தெரியாது.

வன உயிரினச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வசிக்கும் ஆயுத உரிமதாரர்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் ஒப்புதல் இல்லாமல் அந்தச் சுற்றளவில் புதிய உரிமம் தரவும் கூடாது. நல்ல பிரிவு. ஆனால், அது உரிமம் உள்ள துப்பாக்கியை மட்டுமே காண்கிறது. கள்ளத்தனமாகச் செய்த துப்பாக்கியோ, சத்தமே எழுப்பாத வலையும் கண்ணியும் விஷம் கலந்த தானியமோ எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. துப்பாக்கியை மட்டும் இறுக்கினால் வேட்டை ஓசையற்ற கருவிக்கு மாறும்.

மேற்கு மாவட்டங்களில் இந்த இடமாற்றத்தைக் கண்முன் பார்க்கிறோம். காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயைக் கடித்து யானைகள் வாய் சிதைந்து மடிகின்றன. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. துப்பாக்கியைவிடக் கண்மூடித்தனமான கருவிகள் இவை. 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளைப் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம் என்று முடிவெடுத்ததன் பின்னணியிலும் விவசாயியின் இந்த விரக்தி இருக்கிறது.

அப்படியானால் கருவிக்கான விதிகளே வீணா? அப்படிச் சொல்வது அவசரம். மிச்சிகன் விதியின் நோக்கம், குண்டு வெகுதூரம் பாயக்கூடாது என்பது. புதிய தோட்டாக்கள் விதியின் விளிம்பில் நின்றாலும் அந்த நோக்கத்துக்குள்தான் நிற்கின்றன. ஆபத்து கருவியிலேயே இருக்கும்போது கருவியை அளப்பது சரி. மானின் எண்ணிக்கையைக் காக்கும் பொறுப்பை அவர்கள் தோட்டாவிடம் விடவில்லை. வேட்டைக்காரர் ஒவ்வொருவருக்கும் அனுமதிச் சீட்டு உண்டு. 2022 முதல், வீழ்த்திய மானை 72 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிப்பது அங்கு கட்டாயம். வேட்டையை அனுமதிக்கும் அவர்களின் கொள்கை நமக்கு வேண்டாம். எண்ணும் பழக்கம் வேண்டும். கழுவெளியில் ஆபத்து துப்பாக்கியின் வடிவத்தில் இல்லை. பறவைக் கறிக்கு இருக்கும் விலையிலும், அதைத் தேடுபவரின் வெற்றுச் சட்டைப்பையிலும் இருக்கிறது.

தண்டனையைக் கூட்டினால் போதாதா என்று கேட்கலாம். 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் பொதுவான அபராத வரம்பை 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாக உயர்த்தியது. ஆனால், குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் அளவு மட்டுமன்று, பிடிபடும் வாய்ப்பும்தான் என்று பொருளியலறிஞர் கேரி பெக்கர் 1968-இலேயே விளக்கினார். இருளும் சேறும் நாணலும் சூழ்ந்த 5,150 ஹெக்டேரில் அந்த வாய்ப்பு எவ்வளவு? பிடிபடுகிறவரும் பெரும்பாலும் சுட்டவர்தானே தவிர, வாங்கித் தின்றவர் அல்லர். சில ஆண்டுகளுக்கு முன் கிழக்குக் கடற்கரைச் சாலை உணவகம் ஒன்றில் பரிமாறியவர் குரலைத் தாழ்த்தி, 'பண்ணைக் காடை வேணாம்னா ஏரிப் பறவை இருக்கு சார்' என்றார். காரில் வந்து அதைக் கேட்டு வாங்கும் நம் போன்றோரின் நாக்குதான் இந்தச் சந்தையின் தொடக்கப் புள்ளி. நானும் அன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேனே தவிர, யாரிடமும் புகார் செய்யவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, அக்டோபர் முதல் மார்ச் வரையிலான வலசைக் காலத்தில் வனத்துறையும் உணவுப் பாதுகாப்புத் துறையும் இணைந்து சாலையோர உணவகங்களையும் சந்தைகளையும் சோதிக்க வேண்டும். சதுப்பு நிலத்தில் ஒருவரைத் தேடுவதைவிடச் சாலையில் ஒரு கடையைப் பார்ப்பது எளிது.

இரண்டாவது, வேலை. வடகிழக்குப் பருவமழையில் உப்பளங்கள் மூழ்கி, தொழிலாளர்கள் வேலையிழக்கும் அதே மாதங்களில்தான் பறவைகள் வந்து இறங்குகின்றன. அவர்கள் வேட்டையாடுகிறார்கள் என்பதன்று என் வாதம். அந்த நிலத்தின் ஒவ்வொரு வரப்பையும் அறிந்த கைகள் அப்போது சும்மா இருக்கின்றன என்பதே. மழைக்கால நிவாரணமாக அரசு வழங்கும் 5,000 ரூபாயுடன் நின்றுவிடாமல், பருவகாலப் பறவைக் காவலர்களாக அவர்களை நாள்கூலிக்கு அமர்த்தலாம். பறவையின் குரலையும் தடத்தையும் தலைமுறைகளாக அறிந்த நரிக்குறவர் சமூகத்தினரையும் சேர்க்க வேண்டும். 2022 டிசம்பரில் அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. வேட்டையைத் தடுத்த சட்டம் அவர்களுக்கு மாற்றுத் தொழிலைத் தரவில்லை. அந்தக் கடனை அடைக்க இது ஒரு வழி.

மூன்றாவது, கணக்கு. ஆண்டுதோறும் நடைபெறும் ஒருங்கிணைந்த பறவைகள் கணக்கெடுப்பின் முடிவை, அந்த ஆண்டு பதிவான வேட்டை வழக்குகள், பறிமுதலான கருவிகள், பயிர்ச்சேத இழப்பீடு வழங்க எடுத்துக்கொண்ட நாள்கள் ஆகியவற்றுடன் சேர்த்து, சரணாலயம் வாரியாக ஒரே பக்கத்தில் வெளியிட வேண்டும். இழப்பீடு விரைந்து வந்தால்தான் 'பன்னி வெரட்டுறோம்' என்பது உண்மையா, சாக்கா என்பது வெளிப்படும்.

அன்று மரக்காணத்திலிருந்து கிளம்பும்போது அந்தத் தொழிலாளியிடம், காவலர் வேலை கொடுத்தால் செய்வீர்களா என்று கேட்டேன். 'மழைக்கு மூணு மாசம் வீட்லதான சார் குந்திங்கிறோம். கொடுத்தா செய்ய மாட்டமா?' என்றார். அந்த மூன்று மாதங்கள் மீண்டும் அக்டோபரில் தொடங்கும்.