‘வெளிவாத்தியம்’ என்றொரு சாக்கு

மார்கழி பிறந்தால் சபா வட்டாரங்களில் ஒரு வாக்கியம் புழக்கத்துக்கு வந்துவிடுகிறது. நாகஸ்வரம் வெளிவாத்தியம், நான்கு சுவருக்குள் காது தாங்காது, கோயிலும் வீதியும்தான் அதற்கு உரிய இடம். சொல்கிறவர்கள் இதை ஏதோ ஒலியியல் விதியைப் போலச் சொல்கிறார்கள். பிறகு விழாவின் தொடக்க நாளில், நாற்காலிகள் நிரம்பும்முன், அரைமணி நேரம் ‘மங்கள இசை’ என்று அதற்கு ஓர் இடம் ஒதுக்குகிறார்கள். வாசிப்பவருக்குச் சால்வை உண்டு. கேட்பவர்தான் இல்லை.

இந்த வாதத்தை மறுக்கத் தமிழிசை மாநாட்டுத் தீர்மானங்களைத் தேடி நான் போகப்போவதில்லை. நம் சிற்றிதழ் நண்பர்களில் பலர் மேலை இசையில் தோய்ந்தவர்கள். ஷூமனையும் பிராம்ஸையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதக்கூடியவர்கள். நாகஸ்வரம் என்றதும் சபாக்காரர் சொல்வதையே இவர்களும் கொஞ்சம் நாகரிகமான மொழியில் சொல்கிறார்கள். ஆகவே என் சாட்சியை அவர்கள் வீட்டு அலமாரியிலிருந்தே எடுக்கிறேன். ரொமாண்டிக் காலத்து ஐரோப்பா ஹார்னுக்கும் பியானோவுக்குமாக எழுதிய அறையிசைதான் அது.

ஹார்ன் என்றதும் நமக்கு அருப்புக்கோட்டைப் பேருந்துதான் நினைவுக்கு வரும். நான் சொல்வது வேட்டைக் கொம்பு. குதிரைமேல் போகிறவன் காட்டின் மறுபக்கத்தில் இருப்பவனை அழைக்க ஊதியது. இதைவிட ‘வெளி’யான வாத்தியம் உண்டா? துளை கிடையாது. உதட்டின் இறுக்கத்தால் இயற்கைச் சுரங்களை மட்டுமே எழுப்பலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் டிரெஸ்டன் நகரத்து ஹாம்பெல் என்ற வாத்தியக்காரர், கொம்பின் விரிந்த வாய்க்குள் கையை நுழைத்து ஒலியை மறைத்தும் திறந்தும் இடைச்சுரங்களை வரவழைக்கும் முறையைப் பரப்பினார். ஒலி அடங்கியது, நிறம் கூடியது. கொம்பை வெளியேற்று என்று சொல்லாமல், கொம்புக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள்.

1800 ஏப்ரலில் வியன்னாவில் பீத்தோவன் தம் ஹார்ன் சொனாட்டாவை ஜொவான்னி புன்டோவுடன் சேர்ந்து வாசித்தார். அதில் பியானோ பக்கவாத்தியம் அல்ல. இருவரும் சரிசமமாகப் பேசிக்கொள்கிறார்கள். புன்டோ யார்? போஹீமியாவில் ஒரு பிரபுவின் பண்ணையடிமையாகப் பிறந்த ஷ்டிக் என்பவர். பிரபுவிடமிருந்து தப்பியோடி, இத்தாலியப் பெயரில் மறைந்து வாழ்ந்தார். அவர் இனி ஊதவே முடியாதபடி முன்பற்களை உடைத்துவிடுங்கள் என்று சொல்லிப் பிரபு ஆட்களை ஏவினான் என்பார்கள். அதே ஆண்டு பெஸ்ட் நகரில் இருவரும் வாசித்தபோது, புன்டோவைத் தெரியும், இந்தப் பீத்தோவன் யார் என்று அங்கே ஒருவர் எழுதினாராம். பண்ணையடிமையின் பெயர் அவ்வளவு தூரம் போயிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் ஜெர்மனியில் ஹார்னுக்கு வால்வு வந்தது. எல்லாச் சுரங்களும் விரலுக்குக் கட்டுப்பட்டன. 1849இல் ஷூமன் அந்தப் புதிய ஹார்னுக்கும் பியானோவுக்குமாக ‘அடாஜியோவும் அலெக்ரோவும்’ எழுதினார். முதற்பகுதியைக் கேளுங்கள், ஒருவர் காதருகே தணிந்த குரலில் பேசுவது போலிருக்கும். 1865இல் பிராம்ஸ் வயலினையும் சேர்த்துக்கொண்டு ஒரு மூவரிசை எழுதினார். தாயார் இறந்த ஆண்டு அது. வால்வு ஹார்ன் பரவிவிட்ட காலத்திலும் அவர் கேட்டது, தாம் சிறுவயதில் கற்ற பழைய வால்வில்லாக் கொம்பைத்தான். அந்தத் துயர அசைவில் கொம்பு வயலினை விழுங்கவில்லை. அருகில் உட்கார்ந்து துக்கம் விசாரிக்கிறது. 1888இல் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் தம் பெற்றோரின் வெள்ளிவிழா மணநாளுக்கு ஹார்னுக்கும் பியானோவுக்குமாக ஒரு சிறு ‘அந்தாந்தே’ எழுதிக் கொடுத்தார். தந்தை மியூனிக் அரசவை இசைக்குழுவின் ஹார்ன் கலைஞர். காட்டுக் கொம்பு வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது.

நிற்க. தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலைபடுகடாத்தில் மலைவழி நடக்கும் கூத்தர் கூட்டம் தன் வாத்தியங்களைச் சுமந்து செல்கிறது. முழவு உண்டு, தூம்பு உண்டு, மயிற்பீலி அணிந்த கோடு உண்டு, பேரியாழும் உண்டு. கோடு என்பது கொம்புதான். யாழும் கொம்பும் ஒரே கூட்டத்தின் சுமையில் இருந்தன. யாழுக்கு உள்ளே, கொம்புக்கு வெளியே என்று பிரித்துவைக்க நன்னனின் அரண்மனை வாயிலில் எந்தச் செயலாளரும் நின்றதாகத் தெரியவில்லை.

நாகஸ்வரமும் கொம்பும் வேறு வேறு இனம் என்று யாரேனும் திருத்தக்கூடும். உண்மைதான். ஒன்று சீவாளியும் துளைகளும் கொண்டது, மற்றது உதட்டால் ஊதுவது. ஆனால் துளையுள்ள வாத்தியத்தை அடக்கி வாசிப்பது, துளையே இல்லாத கொம்பைப் பழக்குவதைவிடக் கடினமா என்ன? குட்டையான, உரத்த திமிரியை விட்டு, நீண்டு தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பாரியை நிலைநாட்டினார் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி ஆச்சா மரத்தில் அதை அவருக்காகக் கடைந்து, சுத்த மத்திமம் சரியாகப் பேசும்படி செய்தார். ஒத்துக்குப் பதில் தம்புராவை வைத்துக்கொண்டார் பிள்ளை. வாசிப்பவர் வேலையும் ஆசாரியின் வேலையும் நம்மூரில் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டன. உட்கார்ந்து கேட்பவரின் வேலைதான் பாக்கி.

எழுதப்பட்ட இசை இல்லையே என்பார்கள். மல்லாரி யாருடையது? ரக்தி யாருடையது? பாட்டு வரி ஏதுமின்றி நாகஸ்வரமும் தவிலும் இணைந்து வளர்க்கும் ரக்தியில், யார் முதன்மை யார் பக்கம் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். சொனாட்டா என்று ஷூமன் ரசிகர் எதை மெச்சுகிறாரோ அதற்கு மிக அருகில் நம்மிடம் இருப்பது இதுதான். அதை ஒதுக்கிவிட்டு, வாய்ப்பாட்டுக் கீர்த்தனையை வாசிக்கச் சொல்லி, பிறகு வாய்ப்பாட்டின் நளினம் இல்லை என்று குறை சொல்வது நியாயமா?

சத்தம்தான் சிக்கல் என்றால், குன்னக்குடி வைத்தியநாதனின் வயலினுக்குப் பக்கத்தில் வலையப்பட்டியின் தவில் எத்தனை ஆண்டுகள் அதே சபாக்களில் முழங்கியது! சிலர் மூக்கைச் சுளித்தார்கள். நுழைவுச்சீட்டு மட்டும் விற்றது. வயலினுக்கு ஒலிபெருக்கி வைத்து அரங்கத்தை அதிரவைப்பவர்கள், ஒலிபெருக்கியே தேவைப்படாத வாத்தியத்தைப் பார்த்து இரைச்சல் என்கிறார்கள். ‘வெளி’ என்ற சொல் மரத்தையும் சீவாளியையும் குறிக்கவில்லை. அதைப் பிடித்திருந்த கைகளைக் குறித்தது. மேலாடையை இடுப்பில் கட்டி நின்றுகொண்டே வாசிக்க வேண்டியிருந்தவர்கள் அவர்கள். ராஜரத்தினம் பிள்ளை குடுமியை எடுத்துக் கிராப் வைத்ததும் ஷெர்வானி அணிந்ததும் ஏன் அவ்வளவு பேச்சாயிற்று என்று யோசித்துப் பாருங்கள்.

எதிர்முனையில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. ‘மண்ணின் கலை, அரங்கத்துக்குள் போனால் கெட்டுவிடும், வீதியிலேயே இருக்கட்டும்’ என்பவர்கள். அன்பால்தான் சொல்கிறார்கள். ஆனால் விளைவு ஒன்றேதான். ஷெனாயைக் கச்சேரி மேடையில் அமர்த்தி, வி. ஜி. ஜோகின் வயலினோடு சேர்ந்து வாசித்த பிஸ்மில்லா கானால் ஷெனாய் கெட்டுவிட்டதா?

வீதியும் கோயிலும் போதும் என்பவர்கள் குமாரலிங்கபுரத்துப் பக்கம், எங்கள் கரிசல் ஊர்களுக்கு ஒருமுறை வர வேண்டும். பூசை நேரத்தில் மோட்டார் சுழல, இரும்புக் கை முரசையும் மணியையும் அடிக்கும் மின்மேளம் சின்னக் கோயில்களிலும் வந்துவிட்டது. கல்யாண ஊர்வலத்துக்குச் செண்டை மேளம் வருகிறது. எது உன் இடம் என்று சொல்லப்பட்டதோ அந்த இடமும் போய்விட்டது. காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்த கோவில்பட்டி இங்கிருந்து எவ்வளவு தூரம்? என் மாணவன் ஒருவன் தவில்காரரின் பேரன்; மல்லாரி என்ற சொல்லை என் வகுப்பில்தான் முதலில் கேட்டான். இப்போது நூற்பாலையில் வேலை பார்க்கிறான்.

இலக்கிய வட்டங்களுக்கு நான் வைப்பது எளிய கோரிக்கை. நூல் வெளியீட்டுக்கு வாடகைக்கு எடுக்கிறீர்களே, நூறு பேர் அமரும் அறை, அது போதும். இரண்டரைக் கட்டைப் பாரி ஒன்று, தவில் ஒன்று, தம்புரா. ஒலிபெருக்கி வேண்டாம். மாலை ஆறு மணிக்குத் தொடங்கி மூன்று மணி நேரம். விரிவான தோடி ஆலாபனை ஒன்று, பிறகு ஒரு ரக்தி. வாசிப்பவருக்கு வாய்ப்பாட்டுக்காரருக்குக் கொடுக்கும் அதே தொகை. காது தாங்கவில்லை என்றால் அதன்பிறகு பேசுவோம்.