மலையில் விட்டால் மலையிலேயே இருக்குமாம்!

"சிறுத்தையைக் கூண்டு வைத்துப் பிடி, மேகமலை உச்சியில் விட்டுவிடு, தோப்புக்காரனுக்கு நிம்மதி." ராஜபாளையம் அடிவார மாந்தோப்புகளுக்காக வாதாடும் அண்ணாச்சி ஒருவரின் தீர்ப்பு இது. ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் 2021-லேயே வந்தாயிற்று, 1,016 சதுர கிலோமீட்டர் சும்மாதானே கிடக்கிறது என்கிறார். மத்தியப் பிரதேசத்துப் பன்னா காப்பகத்தில் புலிகளை விட்டு ஜெயித்தார்களே என்று ஆதாரம் வேறு.

பன்னா கதையில் பாதியைத்தான் அண்ணாச்சி படித்திருக்கிறார். 2009 நவம்பரில் பென்ச் காப்பகத்திலிருந்து கொண்டுவந்த டி-3 என்ற ஆண்புலி, கொஞ்ச நாளிலேயே காப்பகத்தை விட்டு வெளியேறி, பென்ச் இருக்கும் தெற்குத் திசையைப் பார்த்து நடையைக் கட்டியது. வயலும் சாலையும் அதைத் தடுக்கவில்லை. ரேடியோ காலர் சிக்னலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே அலைந்த வனத்துறை, டிசம்பர் கடைசியில் மயக்க ஊசி போட்டுத் திருப்பிக் கொண்டுவந்தது. குட்டிகளும் பெருமையும் அதற்குப் பிறகுதான். அதுவும் சொந்தப் புலிகள் அத்தனையும் அழிந்து காலியாகக் கிடந்த காடு! நம் மலை அப்படியா? சிறுத்தையும் புலியும் ஏற்கெனவே எல்லை வகுத்து வாழ்கிற இடம். அங்கே புதிதாக ஒன்றை இறக்கினால், இருப்பதோடு சண்டை போட வேண்டும், இல்லையென்றால் காட்டோரம் ஒதுங்க வேண்டும். காட்டோரத்தில் இருப்பது இன்னொருவர் தோப்பு.

அண்ணாச்சியின் யோசனையை மகாராஷ்டிரத்தில் ஜுன்னர் பகுதியில் செய்தே பார்த்துவிட்டார்கள். 2001-இல் சிறுத்தைகளைக் கூட்டமாகப் பிடித்துக் காட்டில் விடத் தொடங்கினார்கள். காட்டுயிர் ஆய்வாளர் வித்யா ஆத்ரேயா குழுவின் ஆய்வுப்படி, அதுவரை ஆண்டுக்குச் சராசரி 4 ஆக இருந்த மனிதர்கள் மீதான தாக்குதல், அதற்குப் பிறகு 17 ஆனது. அஜோபா என்ற சிறுத்தையை 2009-இல் கிணற்றிலிருந்து மீட்டு மால்ஷேஜ் மலையில் விட்டார்கள். அது அங்கே தங்காமல் மும்பை எல்லைவரை நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தது.

பிடித்துப்போன சிறுத்தையின் இடமும் காலியாக இருக்காது. எல்லை தேடி அலையும் இளஞ்சிறுத்தை வந்து உட்காரும். தோப்பில் அவிழ்த்துவிட்ட நாயும் திறந்த ஆட்டுப்பட்டியும் அதற்கும் அழைப்புதான். (காவலுக்கு ராஜபாளையம் நாய் போதும் என்று நம்புகிறவர்களுக்கு: சிறுத்தைக்கு அது காவல்காரன் இல்லை, சாப்பாடு.) பட்டிக்குக் கூரை போடச் செலவாகும் என்று அலுத்துக்கொள்ளும் அண்ணாச்சிக்கு, கூண்டு, லாரி, மயக்க ஊசிச் செலவெல்லாம் கண்ணில் படவில்லை, அது சர்க்கார் பணம் அல்லவா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம் வருசநாட்டில் ஆடு மாடு மேய்த்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் தோப்புச் சிறுத்தையை அவர்கள் தலையில் இறக்க அவர்களிடம் சம்மதம் வாங்கிவிட்டீர்களா, அண்ணாச்சி?