எவர் பட்டியலிலும் இல்லாதவர்கள்

சயாம்-பர்மா ரயில் பாதை என்றதும் உலகம் நினைப்பது வெள்ளைக்காரச் சிப்பாய்களைத்தான். 1942-43இல் ஜப்பானிய ராணுவம் போட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் 60,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் வேலை செய்தார்கள். 12,000க்கும் அதிகமானோர் மாண்டார்கள். மலாயா, பர்மா, ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆசியத் தொழிலாளர்களோ ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் பல்லாயிரம் பேர் மலாயா ரப்பர் தோட்டத் தமிழர்கள். இறந்த ஆசியர்கள் 80,000 பேர் என்கிறார்கள், ஒரு லட்சம் என்கிறார்கள். அன்றைக்கு யாரும் எண்ணி வைக்கவில்லை.

கைதிகளுக்கு 1929ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை இருந்தது. போருடன் நேரடித் தொடர்புள்ள வேலையில் அவர்களை ஈடுபடுத்தக் கூடாது என்றது அது. ஜப்பான் கையெழுத்திட்டது, ஏற்புறுதி செய்யவில்லை. தேவையான மாற்றங்களுடன் பின்பற்றுவதாக 1942இல் சொல்லிவிட்டு, தன் படைகளுக்குத் தளவாடம் கொண்டுபோகும் பாதையையே அவர்களை வைத்துப் போட்டது. தோட்டத் தொழிலாளிக்கு அந்த உடன்படிக்கையும் இல்லை. அது சீருடை அணிந்தவர்களுக்கானது.

கைதிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான இந்த வேறுபாடு உயிரை எடுத்தது. 1943 மழைக்காலத்தில் முகாம்களில் காலரா பரவியபோது, கைதிகளிடம் சொந்த மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். மருந்து இல்லாவிட்டாலும் தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொன்னார்கள், கழிப்பறைக் குழி வெட்டவைத்தார்கள், நோயாளிகளைத் தனியே வைத்தார்கள். அப்படியிருந்தும் ஏப்ரலில் சிங்கப்பூரிலிருந்து அனுப்பப்பட்ட 7,000 கைதிகளைக் கொண்ட ஒரு பிரிவில் 3,000க்கும் அதிகமானோர் மாண்டார்கள். சில மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்ற பேச்சை நம்பி வந்தவர்களும், வலுக்கட்டாயமாக ரயிலேற்றப்பட்டவர்களும் அடைந்து கிடந்த மூங்கில் கொட்டகைகளில் இவை எதையும் செய்ய ஆளில்லை. நோயாளியும் பிணமும் ஒரே பரணில் கிடந்தார்கள். சில குடும்பங்கள் பிள்ளைகளுடன் வந்திருந்தன.

1949இல் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை இந்த ஓட்டையை அடைத்தது. ஆக்கிரமிக்கப்பட்ட பகுதி மக்களிடம் வேலை வாங்கினால் அந்தப் பகுதிக்குள்தான் வாங்க வேண்டும். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். நியாயமான கூலி தர வேண்டும். இந்த ஒவ்வொரு நிபந்தனைக்கும் மாறாகத்தான் சயாம் காட்டில் நடந்திருந்தது. பட்டவர்களுக்கு அது ஆறு ஆண்டு தாமதம்.

இழப்பீட்டிலும் இதே கதைதான். 1951ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு போர்க்கைதிகளுக்கென்று நிதி ஒதுக்கியது. 2000இல் பிரிட்டன் தன் முன்னாள் கைதிகளுக்குத் தலா 10,000 பவுண்டு தருவதாக அறிவித்தது. 1967ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஜப்பான் மலேசியாவுக்கு நல்லெண்ணத்தின் பேரில் கொடுத்ததோ கப்பல்கள். அது அரசுக்கும் அரசுக்கும் நடந்த கணக்கு; ரயில் பாதையில் தகப்பனை இழந்த தோட்டத்துக் குடும்பத்துக்கு அதில் என்ன கிடைத்தது? தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகள் அடக்கமாகியிருக்கிறார்கள், பெரும்பாலும் பெயர் பொறித்த கற்களின் கீழ். தோட்டப் பதிவேடுகளில் எஞ்சியவற்றையும் குடும்பங்களின் வாய்மொழியையும் சேர்த்து ஆசியத் தொழிலாளர்களின் பெயர்ப் பட்டியலைத் தொகுக்கும் கடமை ஜப்பானுக்கும் மலேசியாவுக்கும் உண்டு. அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடிய மகன்களும் மகள்களும் இன்று எண்பதைத் தாண்டியவர்கள்.