ஆள் முன்னே... சைக்கிள் பின்னே! ரயிலை நம்பி நெடும்பயணம் கிளம்புவோர் தவிப்பு

சென்னை: விடிந்தால் கன்னியாகுமரியில் பயணம் தொடக்கம். ஆள் வந்து இறங்கியாச்சு. தலையில் ஹெல்மெட், முதுகில் பை, கையில் தண்ணீர் பாட்டில் எல்லாம் ரெடி. சைக்கிளைத்தான் காணோம்! அது இன்னும் சென்னை பிளாட்பாரத்தில் சாக்கு சுற்றிக்கொண்டு அடுத்த ரயிலுக்குக் காத்திருக்கிறது.

சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு தொலைதூரப் பயணம் போகிறவர்கள் மத்தியில் இந்தக் கதை ரொம்ப சகஜம். டிக்கெட் எடுத்த ஆளைச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ரயில்வே, அவரது சைக்கிளை மட்டும் ஏன் பாதியில் விடுகிறது? விவகாரத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், சட்டம் ஒன்று சொல்கிறது, கவுண்டரில் வேறொன்று நடக்கிறது.

ஒரு நாள் தாமதம்தானே?

ஒரு நாள் லேட்டானா என்ன குடி முழுகிப் போச்சு என்று கேட்கலாம். சைக்கிள்காரர்களுக்கு முழுகித்தான் போகிறது. சென்னை, கோவை உள்பட பல ஊர்களில் 'பிரெவே' எனப்படும் நெடுந்தூர சைக்கிள் பயணங்கள் நடக்கின்றன. 200 கி.மீ. தூரத்தை 13.30 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். 300 கி.மீ.க்கு 20 மணி நேரம், 400-க்கு 27, 600-க்கு 40. குறித்த நேரத்தில் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். உங்க சைக்கிள் விழுப்புரத்தில் நிற்கிறது என்பதற்காக அது நிற்காது.

பிரான்சில் 4 வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் 1,200 கி.மீ. பயணம் அடுத்து 2027-ல் வருகிறது. அதில் சேர, அதே வருடத்தில் இந்த நான்கு தூரங்களையும் முடித்திருக்க வேண்டும். ஒன்று நழுவினாலும் வேறு ஊர், வேறு தேதி தேடி அலைய வேண்டியதுதான்.

கன்னியாகுமரி-காஷ்மீர் பயணம் போகிறவர்கள் பாடும் இதே பாடுதான். ஆபீசில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய லீவில் முதல் இரண்டு நாள் பார்சல் ஆபீஸ் வாசலிலேயே கழிந்தால் வயிறு எரியாதா?

இலவசம் இல்லை!

முதலில் ஒரு தப்புக் கணக்கை சரி செய்வோம். ஸ்லீப்பரிலும் 3-ம் வகுப்பு ஏசியிலும் 40 கிலோ, 2-ம் வகுப்பு ஏசியில் 50 கிலோ, முதல் வகுப்பு ஏசியில் 70 கிலோ, சாதாரண 2-ம் வகுப்பில் 35 கிலோ வரை சாமான் இலவசம். நம்ம சைக்கிள் 15 கிலோதானே, அப்படியே ஏத்திடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நடக்காது. சைக்கிள், ஸ்கூட்டர் போன்றவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது என்று விதியே சொல்கிறது.

சக்கரத்தைக் கழற்றிப் பையில் போட்டால்? பெட்டிக்குள் கொண்டுபோகும் சாமானுக்கு 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் என்று வரம்பு உண்டு. 3-ம் வகுப்பு ஏசியில் இன்னும் குறைவு. முழு அளவு சைக்கிள் பிரேமைச் சாய்த்துப் பிடித்தாலும் இதில் அடங்காது. மடக்கு சைக்கிள் வைத்திருப்பவர்கள் சீட்டுக்கு அடியில் தள்ளிச் சமாளிக்கிறார்கள். அதுவும் டிக்கெட் பரிசோதகர் மனசு வைத்தால்தான்.

லக்கேஜா? பார்சலா?

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. ரயில்வேயில் சைக்கிள் அனுப்ப இரண்டு வழி. ஒன்று 'லக்கேஜ்'. கையில் பயண டிக்கெட் இருக்க வேண்டும். அந்த டிக்கெட்டைக் காட்டி, ரயில் கிளம்ப குறைந்தது அரை மணி நேரம் முன்பாவது லக்கேஜ் ஆபீசில் ஒப்படைத்துப் பணம் கட்டினால், நீங்கள் போகும் அதே ரயிலின் பிரேக் வேனில் சைக்கிளும் வர வேண்டும்.

இன்னொன்று 'பார்சல்'. இதற்கு டிக்கெட்டே தேவையில்லை. கட்டணமும் பெரும்பாலும் குறைவு. ஆனால் எந்த ரயிலில் இடம் கிடைக்கிறதோ அதில்தான் ஏறும். இன்றைக்கும் போகலாம், நாளை மறுநாளும் போகலாம்.

விவரம் தெரியாமல் கவுண்டரில் போய் "சார், சைக்கிள் அனுப்பணும்" என்று மொட்டையாகச் சொன்னால், பார்சல் பாரத்தை நீட்டிவிடுவார்கள். "இந்த டிக்கெட்டோட லக்கேஜா புக் பண்ணுங்க சார்" என்று கேட்பவருக்குத்தான் அதே ரயில் யோகம். ஒரே ஒரு வார்த்தையில் ஒருவரின் பயணமே நிற்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

லக்கேஜ் என்று எழுதி வாங்கினாலும் முழு நிம்மதி இல்லை. பிரேக் வேனில் உள்ள இடத்தில் ஒரு பகுதியை ரயில்வே தனியாருக்குக் குத்தகைக்கு விடுகிறது. ரயில்வேக்கு அது நிச்சய வருமானம். மிச்சம் இருக்கும் இடத்தில்தான் மோட்டார் சைக்கிள், மீன் பெட்டி, பூக்கூடை, துணி மூட்டை எல்லாவற்றோடும் நம்ம சைக்கிள் முண்டியடிக்க வேண்டும்.

5 நிமிஷக் கணக்கு

ரயில் 5 நிமிடத்துக்கும் குறைவாக நிற்கும் ஸ்டேஷன்களில் பொதுவாக பார்சல் ஏற்றவோ இறக்கவோ வழியில்லை. அவசரத்தில் கதவே திறக்காமல் வண்டி கிளம்பி, சாமான் அடுத்த பெரிய ஊருக்குப் போய்விடும் ஆபத்தும் உண்டு. அதனால் ரயில் புறப்படும் ஊரிலேயே ஏற்றி, முடியும் ஊரிலேயே இறக்குவதுதான் புத்திசாலித்தனம். கன்னியாகுமரியும் ராமேஸ்வரமும் அந்த வகையில் வசதி. 2022 டிசம்பர் முதல் ரயில் போகாமல் கிடந்த ராமேஸ்வரத்துக்கு, புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தபின் மீண்டும் ரயில் ஓடுகிறது. தனுஷ்கோடியில் இருந்து பயணம் தொடங்க ஆசைப்படுகிறவர்களுக்கு அது நல்ல செய்தி.

காஷ்மீரில் இருந்து தெற்கு நோக்கி மிதிக்க நினைப்பவர்களுக்குத்தான் சிக்கல். 2025 ஜூனில் கத்ரா-ஸ்ரீநகர் பாதை திறந்தது. ஆனால் அதில் வந்தது வந்தே பாரத். இந்த ரயிலில் பிரேக் வேனே கிடையாது! சென்னை-நெல்லை, சென்னை-நாகர்கோவில் வந்தே பாரத்திலும் இதே கதைதான். ஆள் பறக்கலாம், சைக்கிள் ஏற முடியாது. புது ரயில் வர வர சைக்கிளுக்கான கதவு ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போகிறது.

கிலோவுக்கு 100 ரூபாய்!

சைக்கிள் தொலைந்தாலோ நசுங்கினாலோ? இங்கேதான் தலை சுற்றுகிறது. மதிப்பைச் சொல்லி அதற்கான கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால், லக்கேஜுக்கு ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு 100 ரூபாய் வரைதான். 1990-ல் போட்ட விதி இது. 60 ஆயிரம் ரூபாய் சைக்கிள் 10 கிலோ எடை என்றால் அதிகபட்சம் கிடைப்பது ஆயிரம் ரூபாய்! இரண்டு டயர்கூட வராது. இதில் வேடிக்கை என்னவென்றால், சைக்கிள் எவ்வளவு உசத்தியோ எடை அவ்வளவு குறைவு. எடை குறைய குறைய நஷ்டஈடும் குறைகிறது.

ஜெயிக்கும் ஆம்னி பஸ்

இதையெல்லாம் பார்த்து வெறுத்துப்போன சைக்கிள்காரர்கள் ஆம்னி பஸ் பக்கம் சாய்கிறார்கள். கிளீனரிடம் பேரம் பேசி டிக்கியில் படுக்க வைத்தால் அதே பஸ்ஸில் வந்துவிடுகிறது. ரசீது கிடையாது, உடைந்தால் கேட்க நாதியும் கிடையாது. இருந்தும் அதையே நம்புகிறார்கள். காரணம் ஒன்றுதான். தானும் சைக்கிளும் ஒரே வண்டியில் போகிறோம் என்ற நிம்மதி. சட்டம், ரசீது, கவுண்டர் எல்லாம் வைத்திருக்கும் ரயில்வேயால் தர முடியாததை ஒரு பஸ் டிக்கி தருகிறது என்பது யாருக்கு அவமானம்?

இது காசுக்காரங்க பொழுதுபோக்கு, இதுக்கெல்லாம் ரயில்வே மெனக்கெடணுமா என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. ஹாஸ்டலுக்கு சைக்கிள் கொண்டுபோகும் மாணவனும், வேலைக்குப் போகும் ஊருக்கு சைக்கிளை எடுத்துச் செல்லும் தொழிலாளியும் நிற்பது இதே கவுண்டரில்தான். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு இல்லை, கால்.

வெளிநாட்டைப் பாருங்க

ஜப்பானில் சைக்கிளைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டால் ரயிலில் கட்டணம் இல்லாமலே கொண்டுபோகலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் போட்ட ரயில் பயணிகள் உரிமைச் சட்டம், புதிதாக வாங்கும் ரயில்களில் சைக்கிளுக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது. ரயில் நிறுவனம் தனித் திட்டம் வகுக்காவிட்டால் ரயிலுக்கு குறைந்தது 4 சைக்கிள் இடம் கட்டாயம். அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்தில் கொச்சி மெட்ரோவில் 2020 முதலே சைக்கிளோடு ஏற அனுமதித்தார்கள்.

நம்ம ஊரில் புதுப் பெட்டி கட்டச் சொல்லவில்லை. இருக்கும் பிரேக் வேனில், குத்தகைக்கு விடாத பகுதியில், 4 சைக்கிளைத் தொங்கவிட 4 கொக்கி. டிக்கெட் புக் செய்யும்போதே அதற்கும் பணம் கட்டி இடம் பிடிக்க ஒரு வசதி. இடம் இல்லை என்றால் முன்கூட்டியே தெரிந்துவிடும், ஆள் வேறு வழி பார்த்துக்கொள்வார். கடைசி நிமிடத்தில் பிளாட்பாரத்தில் தவிக்க வேண்டாம். கூடவே 1990 நஷ்டஈட்டுக் கணக்கையும் தூசு தட்டலாம்.

அதுவரைக்கும்...

அதுவரை சைக்கிள்காரர்கள் உஷாராக இருப்பதுதான் வழி. 'லக்கேஜ்' என்று வாய்விட்டுக் கேளுங்கள். மதிப்பைச் சொல்லிப் பணம் கட்டி ரசீதில் எழுதி வாங்குங்கள். பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, கியர் பகுதிக்கு அட்டை கட்டி, பெயர், போன் நம்பர், போகும் ஊர் எழுதிய அட்டையை இரண்டு இடத்தில் மாட்டுங்கள். வேனில் ஏற்றுவதைக் கண்ணால் பார்த்த பிறகு உங்கள் பெட்டிக்குப் போங்கள். இறங்கிய உடனே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் 'வார்பேஜ்' என்று வாடகை ஏறும். கட்டு கிழிந்திருந்தால் கையெழுத்துப் போடும் முன் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். நஷ்டஈடு கேட்க 6 மாதத்துக்குள் நோட்டீஸ் தர வேண்டும். முக்கியமாக, பயணம் தொடங்கும் நாளுக்கு ஒரு நாள் முன்பே போய்ச் சேருங்கள்.

ஒரு நாள் லீவு கூடுதலாகப் போகும். சைக்கிள் இல்லாமல் போய் நிற்பதற்கு அது தேவலை. 4 கொக்கி அடிக்க ரயில்வேக்கு மனசு வருமா?