இடைத்தரகர் வேண்டாம் என்ற ஓவியர்



வரி, உரிமம், தராசு முத்திரை என்று எழுதி வருகிற இந்தப் பக்கத்தில் ஓர் ஓவியரைப் பற்றி எழுதுகிறோமே என்று சிலர் சிரிக்கக்கூடும். மிளகையும் மல்லியையும் கையில் எடுத்தால் தரம் சொல்லத் தெரிந்த அளவுக்கு நமக்கு ஓவியம் தெரியாது. ஆனால் இங்கிலாந்தைச் சேர்ந்த டேமியன் ஹர்ஸ்ட் என்பவரின் தொழில் வரலாற்றில் ஓவியத்தைவிட வியாபாரமே அதிகம் இருக்கிறது. மொத்த வியாபாரி எதற்கு என்று இன்று பலரும் நம்மைக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு அவர் கதையில் ஒரு பதில் கிடைக்கிறது.

ஹர்ஸ்ட் 1965-ல் பிரிஸ்டலில் பிறந்து லீட்ஸ் நகரில் வளர்ந்தவர். கட்டட வேலை பார்த்துவிட்டு லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1988-ல், மாணவராக இருக்கும்போதே, லண்டன் துறைமுகப் பகுதியில் சும்மா கிடந்த ஒரு கட்டடத்தைப் பிடித்தார். தம் படைப்பையும் உடன் படித்தவர்கள் படைப்புகளையும் வைத்து 'ஃப்ரீஸ்' என்ற கண்காட்சி நடத்தினார். அதற்குப் பணம் திரட்டினார், நல்ல கையேடு அச்சிட்டார், முக்கியமானவர்களை வரவழைத்தார். கவனியுங்கள், அவர் பெயர் வெளியே தெரிந்ததே பிறர் சரக்கையும் சேர்த்துக் கடை பரப்பியதால்தான்.

பிறகு விளம்பரத் தொழிலில் பணம் சேர்த்த சார்லஸ் சாட்சி என்ற பெரும் வாடிக்கையாளர் கிடைத்தார். அவருக்காக 1991-ல் ஆஸ்திரேலியாவில் பிடித்த ஒரு சுறாவைக் கண்ணாடித் தொட்டியில் ஃபார்மலின் ஊற்றி நிறுத்தினார். விலை 50,000 பவுண்டு. அந்தச் சுறா நாளடைவில் கெட்டுப்போய், 2006-ல் வேறு சுறாவை மாற்றினார்கள். கருவாடானாலும் கலையானாலும் பதம் சரியாக இல்லாவிட்டால் சரக்கு நிற்காது! 1995-ல் இங்கிலாந்தின் பெயர்பெற்ற டர்னர் பரிசும் அவருக்குக் கிடைத்தது.

ஓவிய வியாபாரம் எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும். அங்கே கேலரி என்பது நம் கமிஷன் மண்டி போன்றது. ஓவியர் சரக்கைக் கொடுப்பார்; கேலரிக்காரர் இடம் கொடுத்து, ஆள் பிடித்து, விற்றுக் கொடுப்பார். கமிஷன் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் பாதிக்குப் பாதி. நாம் நூற்றுக்கு இரண்டு வைத்தாலே முகம் சுளிக்கிறார்கள்.

இந்தப் பாதியைக் கொடுப்பானேன் என்று ஹர்ஸ்ட் நினைத்தார். லண்டனில் அவர் பங்கேற்ற 'பார்மசி' என்ற உணவகம் 2003-ல் மூடப்பட்டபோது, அங்கிருந்த சாமான்கள் 2004-ல் சோத்பீஸ் ஏலத்தில் சுமார் 1 கோடியே 10 லட்சம் பவுண்டுக்கு விலை போயின. அந்த ருசி கண்டபின் 2008 செப்டம்பர் 15, 16 தேதிகளில், புதிதாகச் செய்த 223 படைப்புகளை ஒயிட் கியூப், ககோசியன் ஆகிய தம் கேலரிகளின் வழியாக விற்காமல் நேரே அதே ஏலக் கம்பெனியிடம் கொண்டுபோனார். வசூல் 11 கோடிப் பவுண்டுக்கு மேல். அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் திவால் மனு கொடுத்த அதே நாளில் இந்த ஏலம் தொடங்கியது என்பது வேடிக்கை.

இதோ இடைத்தரகர் ஒழிந்தார் என்று அன்று எழுதினார்கள். ஆனால் அடுத்த ஆண்டே ஏலச் சந்தையில் அவர் சரக்கின் விற்பனை சரிந்தது. உலகப் பண நெருக்கடிதான் முதல் காரணம், அதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் 223 உருப்படிகளை இரண்டே நாளில் சந்தையில் கொட்டினால் என்ன ஆகும் என்று வெங்காய வியாபாரிக்குச் சொல்லித்தர வேண்டுமா? மூட்டையை மறித்து வைத்து, வரத்துக்கும் தேவைக்கும் தக்கபடி இறக்குகிறவர் அங்கே இல்லை. அந்த ஏலத்திலும்கூட விலை இறங்காமல் இருக்க அவருடைய கேலரிக்காரர்களே கேட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. 'வேண்டாம்' என்று ஒதுக்கப்பட்டவர்தான் கூடத்தில் உட்கார்ந்து விலையைத் தாங்கினார். 2012-ல் ககோசியனை விட்டு விலகிய ஹர்ஸ்ட், 2016-ல் திரும்ப அவரிடமே வந்தார்.

இதற்கிடையே அவரே கடைக்காரரும் ஆனார். 2015 அக்டோபரில் லண்டன் வாக்ஸால் பகுதியில் நியூபோர்ட் தெரு கேலரியைத் திறந்தார். நாடகத் திரை எழுதும் பழைய பட்டறைகளைச் சீர்செய்து கட்டியது. கட்டடத்துக்கு 2016-ல் ஸ்டர்லிங் பரிசு கிடைத்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது. முதல் கண்காட்சி அவருடையது அல்ல, மறைந்த ஓவியர் ஜான் ஹோய்லண்டின் படங்கள். சம்பாதித்த பணத்தில் பிறர் படைப்புகளை வாங்கிச் சேர்த்து ஊர் பார்க்க வைத்தாரே, அந்தக் குணத்தை நாம் மெச்சுகிறோம்.

மெச்ச முடியாத ஒன்றும் உண்டு. 2021-ல் 'தி கரன்சி' என்ற பெயரில், புள்ளிகள் இட்ட 10,000 காகிதங்களில் பெரும்பாலானவற்றைத் தலா 2,000 டாலருக்கு விற்றார். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் காகிதம் வேண்டுமா, கம்ப்யூட்டரில் உள்ள உரிமைப் பதிவு போதுமா என்று சொல்ல வேண்டும். 5,149 காகிதங்கள் வாங்கியவர்களிடம் போயின. மீதி 4,851 காகிதங்களை 2022 அக்டோபர் முதல் அந்தக் கேலரியிலேயே அடுப்பில் போட்டு எரித்தார்கள். அவர் சரக்கு, அவர் இஷ்டம் என்று விட்டுவிடலாம்.

ஆனால் தேதி விஷயம் அப்படியல்ல. அந்தக் காகிதங்கள் 2016-ல் எழுதியவை என்று சொல்லப்பட்டது. அவற்றில் குறைந்தது 1,000 காகிதங்கள் சில வருடங்கள் கழித்தே எழுதப்பட்டவை என்று 2024-ல் 'கார்டியன்' பத்திரிகை வெளியிட்டது. 1990-களின் தேதியிட்ட சில ஃபார்மலின் உருப்படிகள் உண்மையில் 2017-ல் செய்தவை என்றும் அதே பத்திரிகை எழுதியது. எண்ணம் தோன்றிய வருடத்தைத்தான் போடுகிறோம், செய்த வருடத்தை அல்ல என்பது ஹர்ஸ்ட் தரப்பின் விளக்கம்.

வணிக நண்பர்களே, இந்த விளக்கத்தை நம் கடைக்கு வரும் உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்ல முடியுமா? "ஐயா, இந்தச் சாம்பார்ப் பொடி அரைக்க எண்ணம் வந்த தேதி இது" என்றால் விடுவாரா? 1977-ம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் காலத்திலிருந்தே தயாரித்த அல்லது பொட்டலமிட்ட மாதம், வருடம் போடச் சொல்லி நம்மைக் கட்டியிருக்கிறார்கள். பத்து ரூபாய்ப் பாக்கெட்டுக்கு உள்ள ஒழுங்கு பல லட்சம் பவுண்டு சரக்குக்கு இல்லை. சட்டம் நமக்குத் தொல்லை என்று புலம்புகிறோம். ஆனால் அந்தத் தேதியை நம்பித்தான் ஒரு தாய் பிள்ளைக்குப் பால்பொடி வாங்குகிறாள் என்பதை மறக்கக்கூடாது.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். இன்று கம்பெனிகள் செல்போன் வழியாகவே சில்லறைக் கடைகளுக்கு நேரடியாகச் சரக்கு அனுப்புகின்றன. மூட்டைக்கு முப்பது ரூபாய் குறைகிறது என்றால் கடைக்காரர் அங்கே போவதில் தப்பே இல்லை. அவர் மேல் கோபப்படுவதும், போட்டிக் கம்பெனியைத் திட்டித் தீர்மானம் போடுவதும் மட்டும் மொத்த வியாபாரியைக் காப்பாற்றாது. நடுவில் நிற்பவர் ஏதாவது ஒரு வேலை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அவருக்குக் கொடுக்கிற காசு தண்டம்தான்.

அந்த வேலை என்ன என்பது நம் கருத்தில் மூன்று. ஒன்று, வரத்து அறுந்த நாளிலும் சரக்குப் பிடித்துக் கொடுப்பது. 2020 ஊரடங்கில் மளிகைக் கடைகளை அடைக்காமல் நடத்த முடிந்ததில் மண்டிக்காரரின் பங்கு உண்டு. இரண்டு, கெட்ட சரக்கு வந்தால் வாய்பேசாமல் திரும்ப எடுப்பது. மூன்று, முகம் பார்த்துக் கடன் கொடுத்து, கல்யாணம், கருமாதி என்றால் ஒரு வாரம் பொறுப்பது. இந்த மூன்றையும் செய்கிற மொத்த வியாபாரியைச் செல்போன் ஒழிக்காது. செய்யாதவரைச் செல்போன் இல்லாவிட்டாலும் வேறு ஏதாவது ஒழிக்கும்.

சில்லறைக் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மலிவாக வருகிறபோது நேரடியாக வாங்குங்கள். ஆனால் முழுக் கொள்முதலையும் ஒரே கம்பெனியிடம் ஒப்படைத்துவிடாதீர்கள். இன்று தள்ளுபடி கொடுக்கிறவர், மண்டி மூடிய பிறகும் கொடுப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அன்று விலை கேட்க இன்னொரு வாசல் இருக்காது. பேரேட்டில் ஒரு மண்டியின் பெயராவது உயிரோடு இருக்கட்டும்.

நம் சங்கம் அடுத்த பொதுக்குழுவில், காலாவதிச் சரக்கை மொத்த வியாபாரி எத்தனை நாளில் திரும்ப எடுக்க வேண்டும் என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான ஓர் ஒழுங்கு வகுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். மொத்த வியாபாரிகளாகிய நாம்தான் இதற்கு முதலில் கையெழுத்துப் போட வேண்டும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காமல் இதழுக்கு எழுதுங்கள்.