பாதி ஸ்டேடியம் என்றால் எத்தனை பேர்?

கொரோனா காலத்தில் விளையாட்டு மைதானங்களுக்குள் ரசிகர்களை விட்டது சரியா, தப்பா என்று கேட்டால் இன்றைக்கும் நம்மிடையே இரண்டு கட்சி உண்டு. "ஆளில்லாத கிரவுண்டில் ஆடுவதற்கு ஆடாமலே இருந்திருக்கலாம்" என்பது ஒரு கட்சி. "ஊரே ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது உனக்கு மேட்ச் ஒரு கேடா" என்பது இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் தொண்டை வறளக் கத்தியாயிற்று. நான் மூன்றாவது கட்சி (இப்போதைக்கு உறுப்பினர் நான் ஒருவன்தான்). உள்ளே விட்டது தப்பில்லை. "50 சதவீதம்" என்று ஒரு கணக்கு சொல்லி விட்டார்களே, அந்தக் கணக்குதான் தப்பு.

நம்ம ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துடன் அடுத்தடுத்து இரண்டு டெஸ்ட். முதல் டெஸ்டுக்கு ரசிகர்கள் யாருக்கும் அனுமதியில்லை. ஜோ ரூட் தன்னுடைய நூறாவது டெஸ்டில் 218 அடித்தார். கைதட்ட அவருடைய டீம்காரர்களை விட்டால் ஆளில்லை. இந்தியா 227 ரன் வித்தியாசத்தில் தோற்றது. நாலு நாள் கழித்து அதே மைதானத்தில் இரண்டாவது டெஸ்ட், இந்த முறை 50 சதவீத ரசிகர்களோடு. ஃபீல்டிங்கில் நின்றுகொண்டிருந்த கோலி கேலரியைப் பார்த்து விசிலடிக்கச் சொல்லி சைகை காட்டினார். அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அஸ்வின் சொந்த ஊரில் சதம் அடித்தார். எதிர்முனையில் இருந்த சிராஜ், ஏதோ தானே சதம் அடித்த மாதிரி குதித்தார். 317 ரன்னில் ஜெயித்தோம்.

கூட்டம் வந்ததால்தான் ஜெயித்தோம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. முதல் டெஸ்ட் பிட்ச் வேறு, இரண்டாவது டெஸ்ட் பிட்ச் வேறு. ஆனால் கூட்டத்துக்கு ஒரு பங்கு இருக்கத்தான் செய்கிறது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தில் 2020-21 சீசன் பெரும்பாலும் காலி மைதானங்களில் நடந்தது. அந்த ஒரு சீசனில் சொந்த ஊர் அணிகள் ஜெயித்தவை 144, வெளியூர் அணிகள் ஜெயித்தவை 153. அந்த நாட்டு முதல்நிலைக் கால்பந்தில் அதுவரை அப்படி நடந்ததே கிடையாது. ரசிகன் வெறும் அலங்காரப் பொருள் இல்லை என்பதற்கு இது போதும்.

சரி, அந்த பிப்ரவரியில் சேப்பாக்கத்தைத் திறந்தது சரியா? என்னைக் கேட்டால் சரிதான். 2020 செப்டம்பரில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 98 ஆயிரத்தை நெருங்கிய தொற்று, அந்த வாரங்களில் 10, 12 ஆயிரத்துக்கு இறங்கியிருந்தது. அதைவிட முக்கியம், சினிமா தியேட்டர். அந்தப் பொங்கலுக்கு தியேட்டர்களில் 100 சதவீதம் உட்காரலாம் என்று மாநில அரசு உத்தரவு போட்டு, மத்திய அரசு ஆட்சேபித்த பிறகு அது 50-க்குத் திரும்பிய கதை நினைவிருக்கும். பிப்ரவரி 1 முதல் மத்திய அரசே முழு தியேட்டருக்குச் சம்மதித்துவிட்டது. நாலு பக்கமும் மூடிய ஏ.சி. ஹாலில் மூன்று மணி நேரம் தோளோடு தோள் உரச உட்காரலாம், கடற்காற்று வீசுகிற திறந்த கேலரியில் இடம் விட்டு உட்காரக் கூடாது என்பதில் என்ன நியாயம்?

இப்போது அகமதாபாத்துக்கு வாருங்கள். அதே தொடர், ஒரு மாதம் கழித்து. மார்ச் 12, 14 தேதிகளில் முதல் இரண்டு டி20. ஒவ்வொன்றுக்கும் 60,000-ஐத் தாண்டிய கூட்டம். நாட்டின் தினசரித் தொற்று அதற்குள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறி 23, 25 ஆயிரம் என்று போய்க்கொண்டிருந்தது. மார்ச் 15 அன்று திடீரென்று, மிச்சமிருக்கும் மூன்று மேட்சுக்கும் ரசிகர்கள் கிடையாது என்று அறிவித்தார்கள். ஏப்ரல் 9-ல் ஐ.பி.எல். சேப்பாக்கத்தில் ஆரம்பித்தபோது கேலரி மறுபடி காலி. மே 4-ல் ஐ.பி.எல்.லே பாதியில் நின்றது. மே 10-ல் தமிழ்நாட்டில் ஊரடங்கு.

அந்த இரண்டு மேட்சால்தான் இரண்டாம் அலை வந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். தேர்தல் கூட்டம், கும்பமேளா, கல்யாணம், கடைத்தெரு என்று அதற்கு ஆயிரம் வாசல். என் கேள்வி வேறு. சேப்பாக்கத்தில் 50 சதவீதம் என்றால் ஏறத்தாழ 15,000 தலை. 1.32 லட்சம் பேர் உட்காரும் அகமதாபாத் ஸ்டேடியத்தில் அதே 50 சதவீதம் என்றால் 66,000 தலை. காகிதத்தில் இரண்டும் ஒரே விதி. வைரஸுக்கு சதவீதக் கணக்கு தெரியாது, தலைக் கணக்குதான் தெரியும். "பாதி" என்று சொன்னால் அடக்கமாகக் கேட்கிறது. "ஒரு சின்ன ஊரையே கொண்டுவந்து ஒரே இடத்தில் கொட்டுகிறோம்" என்று சொல்லியிருந்தால் யாராவது கையெழுத்துப் போட்டிருப்பார்களா?

நம்ம வகுப்பு மக்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்த சமாச்சாரம். காஸ்டிங்கில் கீ ஃபேக்டர் என்று ஒன்று படித்தோமே, ஞாபகமிருக்கிறதா? தொழிற்சாலையில் மெஷின் பத்து இருக்கலாம், ஆட்கள் நூறு பேர் இருக்கலாம். கச்சாப் பொருள் குறைவு என்றால் கணக்கைக் கச்சாப் பொருளை வைத்துத்தான் போட வேண்டும், மெஷினை வைத்து அல்ல. எது தட்டுப்பாடோ அதுதான் தீர்மானிக்கும். ஸ்டேடியத்தில் நாற்காலிக்கு என்றைக்குமே தட்டுப்பாடு இல்லை. தட்டுப்பாடு வாசலுக்கு, கழிப்பறைக்கு, ரயிலுக்கு. மேட்ச் முடிந்த நேரத்தில் சேப்பாக்கம் பறக்கும் ரயில் ஸ்டேஷன் படிக்கட்டில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உள்ளே ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலி உட்கார வைத்துவிட்டு, வெளியே வரும்போது எல்லோரையும் ஒரே படிக்கட்டில் ஏற்றினால் உள்ளே விட்ட இடைவெளிக்கு என்ன மரியாதை? ஆகவே, கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை நாற்காலி?" அல்ல. "இங்கேயிருந்து ஒரு மணி நேரத்தில் நெருக்கியடிக்காமல் எத்தனை பேர் வீட்டுக்குப் போக முடியும்?" என்பதுதான்.

இதற்கு அருமையான கணக்கு ஸ்காட்லாந்திலிருந்து கிடைக்கிறது. 2020-ல் நடக்க வேண்டிய யூரோ கால்பந்துப் போட்டி ஒரு வருடம் தள்ளி 2021 ஜூனில் நடந்தது. ஜூன் 18 அன்று லண்டன் வெம்ப்ளியில் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் மேட்ச். ஸ்காட்லாந்து ரசிகர்களுக்குக் கொடுத்தது சுமார் 2,600 டிக்கெட்தான். போனதோ அதைப்போலப் பல மடங்கு கூட்டம், சும்மா லண்டன் தெருவில் நின்று கொண்டாட. பிறகு ஸ்காட்லாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, யூரோ பார்த்தது தொடர்பான தொற்று என்று 1,991 பேரைக் கணக்கெடுத்தது. அதில் லண்டனுக்குப் போய் வந்தவர்கள் 1,294. வெம்ப்ளிக்குள் போனதாகச் சொன்னவர்கள் 397. சொந்த ஊர் கிளாஸ்கோவில் நடந்த இரண்டு மேட்சுக்குப் போனவர்கள் எண்ணிக்கை அதோடு ஒப்பிட்டால் சொற்பம்.

யோசித்துப் பாருங்கள். ஒரே ஆட்டம், ஒரே ரசிகர்கள். உள்ளூரில் உட்கார்ந்து பார்த்தபோது சில பத்துப் பேர். ரயிலேறி, பஸ்ஸேறி, மதுக்கடையில் கட்டிப்பிடித்துப் பாடியபோது ஆயிரக்கணக்கில். மூடிய பெட்டியில் நாலைந்து மணி நேரம் பயணம் போனதை கேலரியின் மேல் எழுதிவிட்டோம். 2020 பிப்ரவரி 19 அன்று இத்தாலியில் அட்லாண்டா, வலென்சியா ஆட்டத்திலும் இதே கதைதான். பெர்காமோ நகரத்து அணியின் ஆட்டம் மிலான் சான் சிரோவில் நடந்ததால், பெர்காமோவிலிருந்து கூட்டம் கூட்டமாக மிலானுக்குக் கிளம்பிப் போனார்கள். பாவம், அவர்களுக்கு அப்போது எதுவும் தெரியாது. ஒன்றரை வருடம் கழித்து லண்டனுக்குப் போனவர்களுக்கு அந்த சாக்கு கிடையாது.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். கூட்டங்களிலேயே ஸ்டேடியம் கூட்டம்தான் ஒழுங்கானது. ஏனென்றால் ஒவ்வொரு தலைக்கும் ஒரு சீட் நம்பர் இருக்கிறது. 2020 டிசம்பரில் மெல்போர்னில் இந்தியா ஜெயித்த பாக்ஸிங் டே டெஸ்ட்டின் இரண்டாம் நாள் ஆட்டம் பார்க்க வந்த ஒருவருக்குப் பிறகு கொரோனா உறுதியானது. அதிகாரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? கிரேட் சதர்ன் ஸ்டாண்டில் ஐந்தாவது பகுதியில், மதியம் 12.30 முதல் 3.30 வரை இருந்தவர்கள் மட்டும் பரிசோதனை செய்துகொண்டு தனித்திருங்கள் என்றார்கள். அவ்வளவுதான். அதே ஆள் தி.நகர் ரங்கநாதன் தெரு மாதிரி ஓர் இடத்தில் மதியம் சுற்றியிருந்தால் யாரைத் தேடுவது? "ஸ்டேடியத்தையே மூடு" கட்சிக்காரர்களுக்கு என் பதில் இதுதான். மூடினால் அந்தக் கூட்டம் வீட்டிலா இருக்கப் போகிறது? சீட் நம்பர் இல்லாத வேறு இடத்தில் பெரிய டிவி முன்னால் கூடும்.

இனி காசு விஷயம். காமர்ஸ்காரன் இதைச் சொல்லாமல் போனால் டிகிரி கொடுக்க மாட்டார்கள் :-)

ஐ.பி.எல்.லின் 2018 முதல் 2022 வரையிலான ஒளிபரப்பு உரிமைக்கு ஸ்டார் இந்தியா கொடுக்க ஒப்புக்கொண்டது 16,347.5 கோடி ரூபாய். இப்படிப்பட்ட வியாபாரத்தில் டிக்கெட் வசூல் ஊறுகாய் மாதிரி. அது இல்லாமலும் சாப்பாடு இறங்கும். 2020-ல் எமிரேட்ஸில் காலி மைதானத்தில் முழு சீசனையும் நடத்திக் காட்டினார்களே! ஆனால் இங்கிலாந்தின் மூன்றாவது, நாலாவது டிவிஷன் கிளப்புகளுக்கு டிக்கெட்டும், அன்றைக்கு விற்கிற தேநீரும் பலகாரமும்தான் சோறு. அவர்களையும் சேர்த்துக் கீழ் டிவிஷன் கிளப்புகளைக் காப்பாற்ற 2020 டிசம்பரில் பிரீமியர் லீக் 25 கோடி பவுண்டு பொதி ஒன்றை அறிவிக்க வேண்டி வந்தது.

அதே மாதம் இங்கிலாந்தில் தொற்று குறைந்த பகுதிகளில் கொஞ்சம் ரசிகர்களை விட்டார்கள். நடுத்தரத் தொற்றுப் பகுதி என்றால் அதிகபட்சம் 2,000 பேர். 60,000 பேர் உட்காரும் அர்செனல் மைதானத்திலும் 2,000 பேர்தான். டிவியில் பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குத் தெரிந்து கொரோனா காலத்திலேயே அறிவோடு போட்ட விதிகளில் அது ஒன்று. வெறும் சதவீதம் இல்லை, தலைக் கணக்கு. பெரிய கிளப்புக்கு அந்த 2,000 ஒரு பொருட்டே இல்லை, அதற்கு டிவி காசு இருக்கிறது. சின்ன கிளப்புக்கு 2,000 என்பது வழக்கமான கூட்டத்தில் பெரும்பகுதி. யாருக்கு டிக்கெட் காசு தேவையோ அவர்களுக்குத் திறந்து, யாருக்குத் தேவையில்லையோ அவர்களுக்குக் கிட்டத்தட்ட மூடி வைத்தது அந்த ஒரே எண். தொற்று ஏறியதும் சில வாரங்களில் அதையும் நிறுத்திவிட்டார்கள், அது வேறு விஷயம். நிறுத்தியதிலும் ஒரு ஒழுங்கு இருந்தது. எந்தப் பகுதியில் எந்த நிலை வந்தால் எத்தனை பேர் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். இரண்டு மேட்சுக்கு அறுபதாயிரம், மூன்றாவதுக்கு பூஜ்யம் என்று ராத்திரியோடு ராத்திரியாக முடிவெடுக்கவில்லை.

யார் முடிவெடுப்பது என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வரவு யாருக்கோ அவரே திறப்பதா மூடுவதா என்று தீர்மானித்தால், செலவு வேறொருவர் கணக்கில் விழும். மேட்ச் பார்த்தவனின் பாட்டி ஆஸ்பத்திரியில் கட்டிய பில் எந்த கிரிக்கெட் சங்கத்தின் பேலன்ஸ் ஷீட்டிலும் வராது. இதில் விம்பிள்டன்காரர்கள் கில்லாடிகள். தொற்றுநோய்க்கும் சேர்த்துப் பல வருடங்களாக இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டி வந்தார்கள். 2020-ல் அலட்டிக்கொள்ளாமல் போட்டியையே ரத்து செய்தார்கள். கிடைத்த இழப்பீடு 10 கோடி பவுண்டுக்கு மேல். 620 ஆட்டக்காரர்களுக்கு ஒரு கோடி பவுண்டைப் பிரித்தும் கொடுத்தார்கள். மூடினால் நஷ்டமில்லை என்ற நிலை இருந்தால்தான் மூட வேண்டிய நேரத்தில் கை நடுங்காது.

வாலாஜா சாலையில் தொப்பி விற்கிறவருக்கு அப்படி ஒரு பாலிசி யார் கொடுப்பார்கள்? கொடி, விசில், ஜெர்சி, கன்னத்தில் மூவர்ணம் பூசுகிறவர், தண்ணீர் பாக்கெட் என்று ஒரு மேட்ச் நாளை நம்பிப் பிழைப்பவர்கள் கேலரிக்கு உள்ளே இல்லை, வெளியே இருக்கிறார்கள். காலி மைதானத்தில் மேட்ச் நடந்தால் வீரருக்குச் சம்பளம் உண்டு, அம்பயருக்கு உண்டு, டிவிக்கு விளம்பரம் உண்டு. இவர்களுக்கு மட்டும் பூஜ்யம். திறக்கச் சொல்லி இவர்கள் பெயரைச் சொன்ன பெரிய மனிதர்கள் உண்டு. மூடிய நாட்களில் இவர்களுக்கு என்ன கொடுப்பது என்பதை அந்தப் பேச்சில் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. 2022 மே மாதம் அகமதாபாத் ஐ.பி.எல். ஃபைனலுக்கு 1,01,566 பேர் வந்து கின்னஸ் சாதனை ஆனது. எல்லோரும் கொண்டாடினோம், நானும்தான்.

டிக்கெட்டுக்கு ஒரு ரூபாய் எடுத்து வைத்தால் அந்த ஒரு ஃபைனலில் மட்டும் லட்ச ரூபாய் சேரும். ஒரு சீசனில் எழுபது மேட்ச். மாநகராட்சியிடம் தெரு வியாபாரிகள் அடையாள அட்டை இருக்கிறது, பட்டியல் இருக்கிறது. அடுத்த முறை வாசலைப் பூட்டுகிற அன்று, பட்டியலில் இருக்கிறவர்களுக்கு அந்த நிதியிலிருந்து மேட்ச் நாள் கூலி. "இதெல்லாம் நடக்கிற காரியமா" என்று ஹாஸ்டல் நண்பன் சிரிக்கிறான். பதினாறாயிரம் கோடி ஒப்பந்தம் போடத் தெரிந்தவர்களுக்கு ஒரு ரூபாய்க் கணக்கு எழுதத் தெரியாதா என்ன?